கரிகாலனும் எங்கள் வெட்கமும்

ஆண் நாய்க்குட்டி வளர்க்கிற வீடுகளில் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. குட்டி கடிக்கிறதா, வீட்டுக்குள் ஈரம் பண்ணுகிறதா, சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறதா, எதுவானாலும் தெருவே கூடி வழி சொல்லும். அதே குட்டி வளர்ந்து, வீட்டுக்கு வந்தவர் காலைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டத் தொடங்கினால் பேச்சு அப்படியே நின்றுபோகும். பெரியவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்வார்கள். வந்தவர் புறப்பட்டுப் போனதும் குட்டிக்கு அடி விழும். சில வீடுகளில் அன்றைக்கு ஏறிய சங்கிலி பிறகு இறங்குவதே இல்லை. இன்னும் சிலர் ஒருநாள் விடியற்காலையில் குட்டியை வண்டியில் வைத்துக் கொண்டுபோய்ப் பெரிய மார்க்கெட் பக்கமோ கடற்கரைப் பக்கமோ இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்டால் "சரிப்பட்டு வரலை" என்பார்கள். எது சரிப்பட்டு வரவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், எங்கள் வீட்டில் ஓர் ஆண் குட்டி வளர்ந்து ஆளானான். அவனுடைய அந்தப் பழக்கத்தை நாங்கள் எப்படிக் கையாண்டோம் என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் பேசாமல் விடுவதால் அடிபடுவது குட்டிகள்தான்.

அவன் வந்தது ஒரு மழைக்காலத்தில். மணிக்கூண்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய தள்ளுவண்டி ஒன்றின் அடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அங்கே நின்றுவிட்டு வருவாள் என் மகள். குட்டிகள் கண் திறந்து, ஓடி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடும் அளவுக்கு வளர்ந்த பிறகு அவற்றில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. செம்பழுப்பு உடம்பு, நான்கு பாதங்களும் கறுப்பு. சரித்திரப் பாடத்தில் படித்த பெயரையே அவனுக்கு வைத்தாள் மகள்: கரிகாலன். கூப்பிடுவதற்கு 'கரி'.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையின் பழைய வீடுகளைப்போலக் குறுகலாக நீண்டு கிடக்கும். திண்ணை, நடை, கூடம், முற்றம், பின்கட்டு. தெருக்கதவில் நின்று பார்த்தால் கிணற்றடிவரை தெரியும். கூடத்தில் ஒருவருக்கு நடப்பதை வீடு முழுக்கப் பார்க்கலாம். அதனால் கரி செய்த எதையும் எங்கள் வீட்டில் யாரும் பார்க்காமல் இருந்ததில்லை.

முதலில் தலையணை. வந்த சில வாரங்களிலேயே, விளையாடிக் களைக்கிற நேரமாகப் பார்த்து, கூடத்தில் கிடக்கும் இலவம்பஞ்சுத் தலையணையைக் கட்டிக்கொண்டு ஆட்டுவான். அப்போது யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. சின்ன உடம்பு, கொஞ்ச நேரத்தில் சறுக்கி விழுந்துவிடுவான். தள்ளுவண்டிக்கு அடியிலும் அவன் கூடப்பிறந்தவை இதையேதான் செய்துகொண்டிருந்தன. ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், ஏறியது இறங்கும், கீழே இருந்தது மேலே ஏறும். பிறந்து ஐந்தாறு வாரத்திலேயே குட்டிகளிடம் இதைப் பார்க்கலாம். ஓடுவது, துரத்துவது, செல்லமாகக் கடிப்பது, கட்டிப் புரள்வது என்கிற வரிசையில் இதுவும் ஒரு விளையாட்டு. வளர்ந்த பின் தேவைப்படும் அசைவுகளையெல்லாம் உடம்பு விளையாட்டிலேயே பழகிக்கொள்கிறது.

ஆறு மாதம் கடந்ததும் நிலைமை மாறியது. ஆண் குட்டிகள் பருவத்துக்கு வரத் தொடங்கும் காலம் அது. உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு ஏறுகிறது. காலைத் தூக்கி மூத்திரம் பெய்யப் பழகுகிறார்கள். தெருவில் எங்கோ பெண் நாய் பருவத்துக்கு வந்திருந்தால் காற்றிலேயே தெரிந்துகொள்கிறார்கள். கரியும் அந்த வயதில்தான் தலையணையை விட்டு மனிதக் கால்களுக்கு வந்தான். அதோடு ஜூலை மாதமும் வந்தது.

ஜூலையும் ஆகஸ்டும் புதுச்சேரியில் பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் வரும் காலம். அங்கே அப்போது கோடை விடுமுறை. என் கணவரின் சித்தப்பா குடும்பம் பாரிசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறது. அவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. அவர்கள் வந்து இறங்கும் நாளில் வீடு கொள்ளாது. வாசலிலேயே கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம், அழுகை, சிரிப்பு, தூக்க முடியாத பெட்டிகள், அந்தப் பெட்டிகளில் இருந்து எழும் அதுவரை இந்த வீட்டில் இல்லாத சோப்பு வாசனை. ஆறேழு பேர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுகிறார்கள்.

கரி கூடத்துக்கும் முற்றத்துக்குமாகச் சுற்றிச் சுற்றி ஓடினான். காதுகள் பின்னால் படிந்துகிடந்தன. வாய் அகலத் திறந்து, நாக்கு ஒருபக்கமாகத் தொங்கியது. ஒரு செருப்பைக் கவ்வினான், போட்டான். பெட்டியை முகர்ந்தான், தும்மினான். உடம்பை ஒருமுறை சிலிர்த்து உதறினான். பிறகு நேரே போய், சோபாவில் உட்கார்ந்திருந்த சின்ன மாமனாரின் முழங்காலை இரண்டு முன்னங்கால்களாலும் இறுகக் கட்டிக்கொண்டான்.

கூடம் அமைதியாகிவிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் காலை உதற, கரி இன்னும் இறுக்கினான். என் கணவர் அதட்டினார். அதட்டலோடு சேர்ந்து கரியின் ஆட்டமும் வேகமானது. வீட்டுப் பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்துபோய் அவன் மார்புக்குக் கீழே கைகொடுத்து, ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். என் கையில் அவனுடைய இதயம் அடித்துக்கொண்ட வேகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்தத் துடிப்பில் இருந்தது காமம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தனை குரல், இத்தனை வாசனை, இத்தனை புதுமுகங்களை அந்தச் சின்ன உடம்பால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்கு இரவு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கட்டிப்போடு என்றார் ஒருவர். செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் அடி என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரர் உறுதியாகச் சொன்னார்: "அது உங்கள அடக்கப் பாக்குதும்மா. யாரு எஜமான்னு காட்டணும். கழுத்தப் புடிச்சு மல்லாக்கத் தள்ளி அமுக்கி வைங்க, சரியாப்பூடும்."

இந்தக் கடைசி யோசனை உலகம் முழுக்க நாய் வளர்ப்பவர்களிடம் புழங்குகிறது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் ஆய்வாளர், அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை ஒன்றையொன்று அடக்கித் தலைமைக்குப் போட்டியிடுகின்றன என்று எழுதினார். 1970-இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிய ஓநாய் நூல் அந்தக் கருத்தை எங்கும் பரப்பியது. அதே மெக் பிறகு கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைக்காலங்களைக் கழித்தார். காட்டில் ஒரு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்பதையும், பெற்றவர்கள் பெற்றவர்கள் என்பதாலேயே முன்னே நடக்கிறார்கள் என்பதையும் கண்டு, 1999-இல் தன் பழைய கருத்தைத் திருத்தி எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் வருகிற சண்டையை வைத்துக்கொண்டு, ஒரு வீட்டு நாய்க்குட்டியைக் கழுத்தைப் பிடித்து மல்லாத்துவது நியாயமே இல்லை. பயந்த குட்டி கடிக்கும். கடித்தால் அடுத்து அதற்கு வீட்டில் இடமே இருக்காது.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது என் மாமியார். அவர் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்புவரை மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்தவர். மறுநாள் காலை கூடத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள், "கரி ஏன் அப்படிப் பண்றான்?" யாரும் பதில் சொல்லவில்லை. மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுக்கு ஏன் எல்லாரும் மூஞ்சிய திருப்பிக்கினு ஒக்காந்திருக்கீங்க? புள்ள கேக்குதில்ல? கன்னுக்குட்டிங்கள அவுத்து உட்டா ஒன்னு மேல ஒன்னு ஏறும் பாப்பா. கெடேரிகூட ஏறும். சந்தோசம் வந்தா ஏறும், பசிச்சாலும் ஏறும். பெருசான பொறவு அதே வேலதான் குட்டி போட ஒதவும். ஒடம்பு பழகுது. கரிக்கு நேத்து ஒரே கும்மாளம், என்னா பண்றதுன்னு தெரியல. அதான்."

"சரி பாட்டி" என்று சொல்லிவிட்டு மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மாடு வைத்திருக்கிற வீடுகளில் இந்த அறிவு இல்லாமல் பிழைப்பு நடக்காது. கூட்டத்தில் ஒரு பசுமேல் மற்றவை ஏற, அது விலகாமல் நின்றுகொடுத்தால் அது பருவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஆள் அனுப்பிச் சினை ஊசி போட ஏற்பாடு செய்ய வேண்டும். ஒருநாள் தவறினால் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை ஓடிவந்து "செவல மேல கருப்பி ஏறுது" என்று சொல்ல, அப்பன் எழுந்து போவான். அதைச் சொல்ல அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. பாகூரிலிருந்து முத்தியால்பேட்டை பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் இத்தனை சாதாரண அறிவு எப்படி அசிங்கமாக மாறிப்போனது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வீட்டில் மாடு இல்லை, கோழி இல்லை. பிறப்பும் பருவமும் எல்லாம் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. உடம்பைப் பற்றி எதுவும் தெரியாத கூடத்துக்குள் ஒரு நாய்க்குட்டி வந்து நிற்கும்போது, அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று நமக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே கரியைக் குரும்பாப்பேட்டைக்குக் கூட்டிப்போனோம். 1994-இல் அங்கே தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய துணை. ஆடு, மாடு, பூனை, நாய் எல்லாம் ஒரே வளாகத்தில் காத்துக்கிடக்கும். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். இளம் பெண் மருத்துவர் ஒருவர், காய்ச்சலைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் கேள்வி கேட்டார். எந்த நேரத்தில் செய்கிறான்? யாரிடம்? அதற்கு முன்னால் என்ன நடந்தது? அடிக்கடி நக்கிக்கொள்கிறானா? மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறதா? அந்தக் கேள்விகளிலேயே என் பாதிக் கூச்சம் போய்விட்டது.

நக்குவதையும் மூத்திரத்தையும் அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மூத்திரப் பாதையில் கிருமித்தொற்று, உறைத்தோலில் அழற்சி, தொடையிடுக்கில் அரிப்பு போன்றவை இருந்தாலும் குட்டிகள் எதிலாவது போய் உரசும், ஏறும். திடீரென்று இந்தப் பழக்கம் கூடினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கரிக்கு அப்படி எதுவும் இல்லை.

எங்களை மிகவும் பயமுறுத்திய இன்னொன்றையும் அவரிடம்தான் கேட்டோம். ஒருநாள் மாலை மகள் ஓடிவந்து, "அம்மா, கரிக்கு அங்க ரெண்டு கட்டி வந்திருக்கு" என்றாள். பார்த்தேன். தலையணையைவிட்டு இறங்கி நின்றவனின் குறி சிவந்து வெளியே வந்திருந்தது. அதன் அடியில், வயிற்றை ஒட்டி, இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. அவனே குழம்பிப்போய்க் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டான். சற்று நேரத்தில் எல்லாம் வடிந்து உள்ளே போய்விட்டது. மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். ஆண் நாய்களுக்கு இயற்கையிலேயே அந்த இடத்தில் இரத்தம் நிறைந்து வீங்குகிற திசு உண்டு. இணை சேரும்போது நாய்கள் பிரிய முடியாமல் நிற்பது அதனால்தான். கிளர்ச்சி அடங்கினால் வீக்கமும் அடங்கும். பருவ வயதில் விளையாட்டின்போதுகூட இப்படி ஆகும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வெளியே வந்தது அரை மணி நேரம் ஆகியும் உள்ளே போகாமல் நின்றாலோ, நிறம் கறுத்தாலோ, காய்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்; அது அவசர நிலை. இந்த ஒரு தகவலை ஆண் நாய் வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கட்டி என்று பயந்து கைவைத்தியம் செய்பவர்கள் உண்டு. அசிங்கம் என்று பார்க்காமலே விட்டு, உண்மையான ஆபத்தைத் தவறவிடுபவர்களும் உண்டு.

மருத்துவர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். ஏறுகிற நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னார். மகளின் பழைய ரஃப் நோட்டில் நானும் அவளும் எழுதினோம். சில நாட்களிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அழைப்புமணி அடிக்கும்போது. மகள் பள்ளிவிட்டு வந்து பையை வீசும்போது. பிள்ளைகள் கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடும்போது. மாலையில் தூக்கம் இல்லாமல் களைத்துக்கிடக்கும்போது. தனியாக, நிம்மதியாக இருந்த நேரத்தில் ஒருமுறைகூட இல்லை. அவன் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் எப்போதும் அதே அறிகுறிகள்: சுற்றி ஓடுவது, காது பின்னால் படிவது, எதையாவது கவ்விப் போடுவது, உதறுவது. பால் பொங்குவதற்கு முன் விளிம்பில் நுரை கட்டுவதைப் பார்த்து அடுப்பைக் குறைக்கிறோமே, அந்தக் கணத்தைப் பிடிக்கப் பழகினோம்.

முதல் வேலை, ஓட்டத்தைத் தொடங்கும்போதே அவனுக்கு வேறொரு வேலை கொடுப்பது. நடையை ஒட்டிக் கூடத்து மூலையில் ஒரு கோணிப்பாயைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தால் தின்பதற்கு ஏதாவது கிடைக்கும் என்று பழக்கினோம். வேகவைத்த கோழித் துணுக்கு, கேரட் துண்டு, வெறும் தயிர்ச்சோறு ஒரு கவளம். வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் பழக்கி, பிறகு அழைப்புமணியை நாங்களே அடித்துப் பழக்கி, பிறகு தெருவில் உள்ளவர்களை வரச்சொல்லிப் பழக்கினோம். மணி அடித்தால் பாய்க்குப் போக வேண்டும் என்பது அவன் உடம்பில் பதிந்தது. உட்கார்ந்திருக்கிற நாயால் யார் காலையும் கட்ட முடியாது. 'செய்யாதே' என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட 'இதைச் செய்' என்று ஒன்றைக் கற்றுக்கொடுப்பது குட்டிக்கு எளிது.

இரண்டாவது, ஒரு மெல்லிய கயிறு. வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும், கழுத்துப் பட்டையில் ஒன்றரை முழக் கயிற்றை மாட்டிவிட்டோம். அவன் போகும் இடமெல்லாம் அது பின்னால் இழுபடும். யார் காலையாவது பிடித்தால், அவன்மேல் கை வைக்காமல், கயிற்றின் நுனியை எடுத்து, பேசாமல் நடந்து, பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்துவோம். ஓரிரு நிமிடம். மூச்சு சீரானதும் திறந்துவிடுவோம். இது தண்டனையாக இருக்கக்கூடாது என்பதில் மருத்துவர் கண்டிப்பாக இருந்தார். கோபம் கூடாது, திட்டு கூடாது. அவனுக்குக் கிடைப்பது ஓர் அமைதியான இடம் மட்டுமே.

மூன்றாவதுதான் கடினம். சிரிக்கக் கூடாது. குட்டிக்குச் சிரிப்பும் கூச்சலும் தள்ளலும் ஒன்றுதான், எல்லாமே கவனிப்பு. எதற்குக் கவனிப்பு கிடைக்கிறதோ அதைத் திரும்பச் செய்யும். பத்துப் பேரில் ஒன்பது பேர் பேசாமல் இருந்து ஒருவர் சிரித்தாலும் போதும், பழக்கம் உயிரோடு இருக்கும். எப்போதாவது கிடைக்கிற பரிசுதான் பழக்கத்தை அதிகமாக வலுப்படுத்துகிறது. பெரியவர்களைவிட இதைப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். "சிலையா நில்லு" என்று என் மகள் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கரி காலருகே வந்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கையைக் கட்டிக்கொண்டு மரமாக நிற்க வேண்டும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம். கட்டிப்பிடிக்கிற நாயிடமிருந்து குழந்தை திமிறி ஓடினால் விழுந்து அடிபடும். நகமும் பல்லும் பட்டுவிடும். கரிக்கு வெறிநாய்த் தடுப்பூசியை உரிய வயதில் போட்டிருந்தோம் என்றாலும், குழந்தையும் நாயும் பெரியவர் கண்ணில் படாமல் தனியாக இருக்கக்கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்தோம்.

நான்காவது, அவனுடைய நாளைத் திருத்தினோம். சின்னக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். வளர்கிற குட்டிக்கும் பாதி நாளுக்கு மேல் தூக்கம் வேண்டும். எங்கள் கூடத்தில் அவனுக்கு அது கிடைக்கவில்லை. மதியத்தில் பின்கட்டில் திரைபோட்டு அவனைத் தூங்கவைத்தோம். காலை நடை என்பது இழுத்துக்கொண்டு ஓடுவதாக இருந்தது. அதை முகர்வதற்கான நடையாக மாற்றினோம். கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலைவரை வண்டிகள் வராது. விடியலில் அவனை அங்கே கூட்டிப்போய், காந்தி சிலையிலிருந்து தெற்கே, அவன் நின்ற இடத்தில் எல்லாம் நானும் நின்றேன். கருங்கல் பாறைகளின் இடுக்கில் நண்டு ஓடிய தடத்தை முகர்வான். மீன் கூடை வைத்து எடுத்த ஈரத்தை முகர்வான். ஒரே விளக்குக்கம்பத்தை நான் சலித்துப்போகும்வரை முகர்வான். வீடு திரும்பியதும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். மூக்குக்கு வேலை கிடைத்த நாட்களில் அவன் ஏறியதே அரிது என்பதை ரஃப் நோட்டு காட்டியது.

ஆபரேஷன் பற்றிய பேச்சும் வந்தது. "காயடிச்சா எல்லாம் சரியாயிடும்" என்று சிலர். "பாவம், ஆம்பளத்தனம் போயிடும்" என்று சிலர். மருத்துவர் இரண்டையும் ஏற்கவில்லை. 1997-இல் கலிஃபோர்னியாவில் 57 ஆண் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றைச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு, ஏறுதல், ஊர் சுற்றப் போய்விடுதல், வீட்டுக்குள் மூத்திரம் தெளித்தல் ஆகிய மூன்றும் பத்தில் ஆறு நாய்களுக்கு மேல் பாதியாவது குறைந்தன. ஏறக்குறைய முழுவதுமாக நின்றவை நூற்றுக்கு 25 முதல் 40 வரைதான். பழக்கம் எத்தனை காலமாக இருந்தது என்பதற்கும் பலனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆக, சுரப்பு ஒரு பங்கு. வீட்டுச் சூழ்நிலையும் பழக்கமும் இன்னொரு பங்கு. கத்தி முதல் பங்கைத்தான் தொடும். பெரிய உடல்வாகு நாய்களுக்கு எலும்பு முதிர்வதற்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு உண்டு என்பதால் வயதையும் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

கரி நடுத்தர உடம்புக்காரன். ஒரு வயதை ஒட்டி அவனுக்கு ஆபரேஷன் செய்தோம். அதற்குப் பெரிய காரணம் கூடத்தில் நடந்தது அல்ல. மழைக்காலமும் மார்கழியும் வந்தால் எங்கள் தெருக்களில் ஒரு பெண் நாயைச் சுற்றிப் பத்து ஆண் நாய்கள் கடித்துக் குதறிக்கொள்வதைப் பார்க்கிறோம். இரண்டு மாதம் கழித்துச் சாக்கடை ஓரத்தில் குட்டிகள். அவற்றில் முக்கால்வாசி பிழைப்பதில்லை. கரியும் அப்படி ஒரு தள்ளுவண்டிக்கு அடியில் பிறந்தவன். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று நாட்டில் 2001-இலேயே விதிகள் வந்தன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. நகராட்சி செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்க, வீட்டு நாய் தெருவில் குட்டி பெருக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

ஆபரேஷனுக்கு அப்புறமும் கரி சில மாதங்கள் எப்போதாவது ஏறினான். பாயும் கயிறும் நடையும் தூக்கமும் தொடர்ந்தன. மெல்ல மெல்ல அது அவனிடமிருந்து விலகியது. இன்றும் ரொம்பக் குதூகலமான ஒரு நாளில் தலையணை பக்கம் போவான், நாங்கள் தடுப்பதில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லாமல், தன் பொருளோடு, கொஞ்ச நேரம் செய்துவிட்டு விடுகிற நாயிடம் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. மணிக்கணக்கில் நிறுத்தாமல் செய்தால், தோல் புண்ணானால், தடுக்கப்போனால் உறுமினால், அப்போதுதான் மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது எங்கள் தெருவில் குட்டி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். சுற்றி வளைத்து, கடைசியில், குரலைத் தாழ்த்தி, "ஒன்னு கேக்கணும்" என்பார்கள். நான் உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தாமல், பக்கத்தில் பிள்ளைகள் இருந்தாலும் விரட்டாமல் எல்லாவற்றையும் சொல்கிறேன். ஏறுவது நாய்க்குட்டியின் உடம்பில் இருக்கிற சங்கதி. அது அவமானம் இல்லை, அதிகாரம் இல்லை, கெட்ட புத்தி இல்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "குட்டி புதுசு, உற்சாகத்துல காலப் புடிப்பான், நீங்க பேசாம நில்லுங்க, நாங்க பாத்துக்கிறோம்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது, வந்தவர் போனபின் குட்டியும் அடிபட வேண்டியிருக்காது. சங்கிலியை எடுப்பதற்கு முன் நோட்டை எடுங்கள். எப்போது, யாரிடம், எதற்குப் பிறகு என்று எழுதுங்கள். மற்றதை அந்தப் பக்கங்களே சொல்லித்தரும்.